எந்த வீட்டுப் பிள்ளை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. பாயை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்காற்று எழும்பிவிட்டால் என் குரல் உங்களுக்கு எட்டாது. இன்றைக்கு ஒரு அச்சுக்கடைக் கதை சொல்லப்போகிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பெண்கள். நான்கு பேரில் ஒருவரும் மற்றவரை நம்பவில்லை. அது எங்கே போய் முடிந்தது என்று சொல்லாமல் உங்களை எழுந்திருக்க விடமாட்டேன்.

கெண்டு என்கிற எங்கள் ஏரிக்கரை ஊரில், படகுத்துறைக்கு இறங்கும் சாலையில், மாவு மில்லுக்கும் தையல்காரர் கடைக்கும் நடுவில் இருந்தது அபொண்டியின் கடை. தகரக் கூரை, நீலக் கதவு. வேலைக்கு மனு, நிலம் விற்கிற ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, மகளிர் குழு விதிமுறை என்று ஊரின் நல்லதும் பொல்லாததும் அவள் விரல் வழியாகத்தான் தாளுக்குப் போகும். ஏரியின் அக்கரையில் உயோமாவில் பிறந்தவள் ஆனதால், புகுந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் குறைவு. நியார் உயோமா என்பார்கள். உயோமாவின் மகள்.

அந்த வாரம் அவள் அடிக்கவேண்டியிருந்தது சொந்த மாமனார் ஒகோலாவின் இரங்கல் புத்தகம். எட்டுப் பக்கம். முகப்பில் படம், உள்ளே பிறப்பு வளர்ப்பு, மனைவி மக்கள், பாட்டுகள், அடக்க நிகழ்ச்சியின் வரிசை. வெள்ளிக்கிழமை அடக்கம். சனிக்கிழமை ஓய்வுநாள், எங்கள் சபையில் யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள், ஆகவே தள்ளிப்போட வழியில்லை. வியாழன் மாலை உடல் கிசுமு நகரத்திலிருந்து வந்துவிடும். அதற்குள் இருநூறு பிரதி வேண்டும்.

ஒகோலாவுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் ரிஸ்பா வேலிக்குள், அதாவது குடும்பத்தின் சொந்த வளவுக்குள், பெரிய வீட்டில் இருந்தாள். இளையவள் செலினா. ஒகோலா மீன் வியாபாரம் செய்த நாளில் ஹோமா பே கரையில் கட்டிக்கொண்டவள். மாடு ஓட்டிப்போய்க் கொடுத்து, பெரியவர்கள் முன்னால் செய்த கல்யாணம்தான். ஆனால் வேலிக்குள் அவளுக்கென்று வீடு கட்ட ஒகோலாவுக்குக் கடைசிவரை நேரம் வரவில்லை. அவள் பிள்ளைகள் மூன்றுபேர். மூத்தவள் அடோயோ, அவளுக்குப் பின் இரண்டு ஆண்பிள்ளைகள்.

திங்கட்கிழமை குலத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, இரண்டு வீட்டையும் வரிசைப்படி எழுத வேண்டும் என்று முடித்தார்கள். அபொண்டி அப்படியே தட்டச்சு செய்து, கூட்டத்தில் வாசித்தும் காட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் புதன்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் ஓவிட்டி, ஒகோலாவின் தலைமகன், ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். அதிலும் அதே எட்டுப் பக்கம். மனைவி மக்கள் என்ற பக்கத்தில் மட்டும் செலினா இல்லை. அவள் பெற்ற மூன்று பேரும், 'நெருங்கிய உறவினர்' என்ற கூட்டத்தில் தூரத்து மருமகன்களோடு நின்றிருந்தார்கள்.

இதை அடி என்றான். கையில் புத்தகம் கிடைக்கும்போது எல்லோரும் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள், மண் விழும் நேரத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்றான்.

அபொண்டிக்கு அதன் எடை தெரியும். எங்கள் பக்கம் அந்தப் புத்தகம் வெறும் தாள் இல்லை. பத்து வருஷம் கழித்து வேலிக்குள் வீடு கட்டுவது யார் என்று தகராறு வந்தால், ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் சீஃப் அலுவலகத்தில் முதலில் கேட்பது, அடக்கத்தன்று அடித்த புத்தகம் எங்கே என்பதைத்தான். அதில் அம்மா பெயர் மனைவி என்று இல்லாவிட்டால், அடோயோவின் தம்பிகளுக்கு அப்பன் மண்ணில் ஒரு குடிசை போட இடமில்லை. அபொண்டி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. முதலில் பிரிண்டர் ஓடட்டும் என்றாள்.

பழைய பிரிண்டர் செவ்வாயன்றே கண்ணை மூடியிருந்தது. ஓவிட்டி கிசுமுவிலிருந்து ஒரு பழைய கலர் பிரிண்டரை மட்டாட்டு என்கிற வாடகை வேனின் கூரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். நெற்றியில் கோராமி என்று எழுதியிருந்தது. கூட வரவேண்டிய சிடி வரவில்லை. வியாழன் காலை கடையைத் திறந்து, அடுப்பில் கஞ்சிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, போனிலிருந்து இணையத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, பிரிண்டர் பெயரைத் தட்டித் தேடினாள் அபொண்டி. முதலில் வந்த பக்கத்தில் வாழையிலை அகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினாள். கோப்பு இறங்கியது. இறங்கி முடிந்ததும் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. இந்தக் கோப்பு ஆபத்தானதாக இருக்கலாம், நீக்கவா, வைத்துக்கொள்ளவா என்று கேட்டது.

இதைக் கேளுங்கள். அந்தச் சிவப்பைக் கண்டதும் அவளுக்குப் பயம் வந்தது உண்மைதான். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் வந்தது. ஒரு நிம்மதி. இது ஓடாவிட்டால் எந்தப் புத்தகத்தையும் அடிக்கவேண்டாமே என்று. அவள் அந்த நிம்மதியை உடனே தள்ளிவிட்டாள். ஆனால் வந்தது வந்ததுதான்.

கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டுக் கஞ்சியைக் கிண்டப் போனாள். அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்று அடோயோ இறங்கினாள்.

அடோயோ ஹோமா பே படகுத்துறையில் எழுத்தர். கரைக்கு வரும் படகின் விலாவில் எழுதியிருக்கும் பெயரும், படகுக்காரன் காட்டும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவள் வேலை. வேற்றுத் துறைப் படகுகள் ஒரே ராத்திரியில் பெயிண்ட் மாற்றிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து, அவள் கண் எதையும் இரண்டு தரம் பார்க்காமல் விடாது. காகிதத்தில் சுற்றிய பொரித்த மீனை மேசைமேல் வைத்துவிட்டு, கேட்காமலே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, திரை தெரிகிறமாதிரி போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா அனுப்பிச்சா, மதினி. தாள் வெளிய வர்ற வரைக்கும் இங்கயே இருக்கச் சொன்னா."

"இரு. கஞ்சி குடிக்கியா?"

"அடிச்சதுக்கப்புறம் குடிக்கேன்."

பிரிண்டர் இன்னும் ஓடவில்லை, அதற்கான சாப்ட்வேரை இறக்கினேன், ஆபத்து என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்றாள் அபொண்டி. அடோயோ முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. படகுக்காரர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்கும் முகம் அது. ஊர்க்கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை அடித்த கடை, சபைக்கு மாதாமாதம் தாள் அடிக்கிற கடை, எங்கள் அம்மா பெயர் வரவேண்டிய அன்றைக்கு மட்டும் ஆபத்து என்கிறதா என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர் சொல்லுதா, இல்ல உன் வாய் வழியா ஓவிட்டி அண்ணன் சொல்லுதானா?"

"திரும்பிப் பாரு. நீயே படி."

திரையை அவள் பக்கம் திருப்பினாள். அடோயோ உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். படித்துவிட்டு, இருக்கலாம் என்றுதானே போட்டிருக்கிறது, இருக்கிறது என்று போடவில்லையே என்றாள். எங்கள் துறையில் இருக்கலாம் என்று சொல்லி யாரையும் தடுத்து நிறுத்த முடியாது என்றும் சொன்னாள்.

அபொண்டி அப்போது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதையைச் சொன்னாள். ஒரு தேர்வுத்தாள் மாதிரியை இறக்கப்போய், இதேபோல் வந்த பெட்டியை மதிக்காமல் அழுத்தினாள். மறுநாள் கோப்பெல்லாம் பூட்டிக்கிடந்தது. ஒன்றும் திறக்கவில்லை. நாற்பது பேருடைய நில ஒப்பந்தம், பள்ளிக்கூடச் சான்று, மகளிர் குழுவின் இரண்டு வருஷக் கூட்டக் குறிப்பு எல்லாம் போயிற்று. போனதைவிட ஊர் சொன்னதுதான் வலித்தது. காகிதங்களைப் பக்கத்து நிலத்துக்காரனுக்கு விற்றுவிட்டாள் என்றார்கள். ஒவ்வொரு வீடாகப் போய், கையெழுத்துப் பிரதி வாங்கி, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து திரும்பத் தட்டினாள்.

அடோயோ இதைக் கேட்டாள். அந்தச் செய்தி ஹோமா பே வரைக்கும் வந்தது, அப்போதும் நான் பாதிதான் நம்பினேன் என்றாள்.

வெளியே காற்று திரும்பியிருந்தது. மாவு மில்லின் பெல்ட் சத்தத்துக்கு மேலே தகரம் படபடத்தது. ஏரியின் நடுவில் மழை சாம்பல் துணிபோலத் தொங்கிக்கொண்டு கரைக்கு வந்தது. போன் அடித்தது. ஓவிட்டி. பந்தல்காரன் வந்துவிட்டான், உடல் வண்டி கிளம்பிவிட்டது, வேலை முடிந்ததா என்றான். இன்னும் இல்லை, கம்ப்யூட்டர் தடுக்கிறது என்றாள். அடோயோ பக்கத்தில் இருக்கிறாளா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். ஆமாம் என்று மட்டும் சொல்லி வைத்தாள். அந்த ஒற்றை ஆமாமை எதிரில் இருந்தவள் எடுத்து ஒரு பக்கமாக வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

பிறகு ஃபுண்டி ஒலாலோவுக்கு, ரிப்பேர்காரனுக்கு, போன் போட்டாள். கெண்டுவில் பாதிக் கம்ப்யூட்டர்கள் அவன் கையால் உயிர் பெற்றவை. எல்லாவற்றிலும் ஒரே சிடியிலிருந்து நகலெடுத்த விண்டோஸ். அது அசல் இல்லை என்று தினமும் ஒரு தரம் திரையில் முறையிடும், யாரும் காது கொடுப்பதில்லை. அப்படியே பழகிப்போய், எந்தப் பெட்டி வந்தாலும் படிக்காமல் மூடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. அடோயோ கேட்கட்டும் என்று அபொண்டி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்டிவைரஸை அணைச்சிடுங்க மாமி. அணைச்சிட்டு ஏத்துங்க, ஏறினதும் திரும்பப் போட்டுக்கலாம். அது சும்மா கத்தும். எல்லாரும் அப்படித்தான் பண்ணுதோம்."

"போன தடவையும் இதைத்தானய்யா சொன்ன."

"போன தடவை நேரம் சரியில்ல."

அடோயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். போனை வைத்ததும், அவனே அழுத்தச் சொல்லிவிட்டானே, இனி என்ன என்றாள். அழுத்து, நீ அழுத்தினால் நம்புகிறேன், அழுத்தாவிட்டால் எனக்கு விஷயம் புரிந்துவிடும் என்றாள்.

அபொண்டி திரையைப் பார்த்தாள். ஒரு பக்கம் ஊர் மொத்தத்தின் காகிதம். மறுபக்கம் இந்தப் பெண்ணின் கண். கெட்டால் கெட்டுப்போகட்டும், கள்ளி என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. வைத்துக்கொள் என்பதை அழுத்தினாள். கோப்பை இரண்டு தட்டுத் தட்டினாள். ஆன்டிவைரஸ் இன்னும் அணையாததால், நடுத்திரையில் பெரிதாக இன்னொரு பெட்டி எழுந்தது. இதை நிறுத்திவைத்திருக்கிறேன், ஓடவிடவா என்று கேட்டது. கீழே சின்ன எழுத்தில், கோப்பின் பெயர், வெளியிட்டவர் பெயர். அபொண்டியின் அம்புக்குறி ஓடவிடு என்பதை நோக்கி நகர்ந்தது.

"நிறுத்து."

அடோயோ நாற்காலியோடு முன்னே நகர்ந்து வந்தாள். விரலைத் திரையில் வைத்தாள்.

"வெளியிட்டவர்னா யாரு? செஞ்சவனா?"

"செஞ்சு அனுப்பினவன்."

"லக்கி சன் டூல்ஸ்னு போட்டிருக்கு. இந்தப் பிரிண்டர் மேல கோராமின்னுல்லா இருக்கு. கோராமிக்கும் இவனுக்கும் என்ன உறவு?"

இத்தனை வருஷத்தில் அந்தச் சின்ன எழுத்தை அபொண்டி படித்ததே இல்லை. சிவப்பைப் பார்ப்பாள், பயப்படுவாள், அல்லது பயத்தை விழுங்கி அழுத்துவாள். உள்ளே வருகிறவன் யார் என்று கேட்டதில்லை.

அடோயோ சொன்னாள், நம்ம பக்கத்துச் சாவுவீட்டுக்கு யாரோ ஒருத்தன் வந்து, நானும் ஒகோலா பிள்ளை என்று அழுதால் என்ன கேட்போம்? எந்த வீடு, எந்த அம்மா என்றுதானே? பெயர் சொன்னால் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைப்போம், சொல்லாவிட்டால் கஞ்சி கொடுத்து அனுப்பிவிடுவோம். இவன் கோராமி என்று பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான், உள்ளே வந்தபிறகு வேறு அப்பன் பெயரைச் சொல்கிறான்.

"இவன் இந்த வீட்டுப் பிள்ளை இல்ல, மதினி. தூக்கிப் போடு."

அபொண்டி அதை நீக்கினாள். அடோயோவின் சந்தேகம் இன்னும் அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது அது இரண்டு பேருக்கும் பொதுவாகத் திரையின் பக்கம் திரும்பியிருந்தது.

பிறகு அடோயோ எழுந்து பிரிண்டரைத் தூக்கிக் குப்புறக் கவிழ்த்தாள். படகின் அடிப்பலகையைப் பார்க்கிற பழக்கம். முதுகில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருந்தது. மாதிரி எண், அதற்குக் கீழே கோராமிக்காரனின் இணைய விலாசம், பாதி தேய்ந்து. அவள் எச்சில் தொட்டுத் துடைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அபொண்டி தட்டினாள். ஒரு எழுத்து தப்பாகப் போய் வேறெங்கோ போய் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து. மூன்றாவது தடவை பக்கம் திறந்தது. பச்சைப் பொத்தான் இல்லை. சாம்பல் நிறத்தில், ஒல்லியாக, தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டிய ஒரு வரி. மழையில் இணையம் எறும்புபோல ஊர்ந்தது. அது இறங்கும் நேரத்தில் மீனைப் பிரித்து, நேற்றைய உகாலி என்ற சோளக்களித் துண்டோடு தின்றார்கள். அடோயோ முள்ளை எடுத்து வரிசையாகக் காகிதத்தின் ஓரத்தில் வைத்தாள்.

இறங்கி முடிந்தது. தட்டியதும் கம்ப்யூட்டர் இந்தமுறையும் கேட்டது, இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று. பெட்டி சிவப்பாக இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு கீழே இருந்ததைத்தான் முதலில் படித்தார்கள். வெளியிட்டவர், கோராமி. அடோயோ அதைப் படித்தாள், பிரிண்டரின் நெற்றியைப் பார்த்தாள், திரும்பவும் படித்தாள். இவன் முன்வரிசையில் உட்காரலாம் என்றாள். அபொண்டி ஆம் என்பதை அழுத்தினாள். பிரிண்டர் இருமி, செருமி, வயிற்றுக்குள் எதையோ உருட்டி, சோதனைத்தாள் ஒன்றைத் துப்பியது.

இப்போதுதான் அபொண்டிக்கு உண்மையில் பயம் வந்தது கண்ணுகளா. இனி எந்தப் பெட்டிக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. கோப்புகள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். ஒகோலா என்ற பெயரில் இரண்டு அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் திங்கள் தேதி, ஒன்றில் புதன் தேதி. எதிரில் இருப்பவள் தேதி பார்க்காமல் விடுகிறவளா?

"ரெண்டு இருக்கு."

"ஆமா."

"ரெண்டாவது யாரு கொண்டுவந்தது?"

"உங்க அண்ணன்." அபொண்டி மவுசை விட்டுவிட்டாள். "அதுல உங்கம்மா இல்ல."

அடோயோ கத்தவில்லை. அவள் முகம் தளர்ந்ததுபோலக்கூட இருந்தது. நினைத்தது சரிதான் என்று தெரிந்தவளின் ஆறுதல் அது. அபொண்டி நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். எந்தப் புத்தகம் அடிப்பது என்று ராத்திரியெல்லாம் முடிவு வராமல் கிடந்ததைச் சொன்னாள். ஆபத்து என்று காலையில் கம்ப்யூட்டர் சொன்னபோது ஒரு நொடி சந்தோஷப்பட்டதையும் சொன்னாள். அது உண்மையான ஆபத்து, நீயே பார்த்தாய், ஆனால் அதன் பின்னால் நான் நின்றுகொள்ளப் பார்த்ததும் உண்மைதான் என்றாள்.

"இப்ப எதை அடிக்கப்போற?" என்றாள் அடோயோ.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஓவிட்டி. அபொண்டி எடுத்து, ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்துக் குரல் அந்தச் சின்ன அறையில் எப்படியும் கேட்டது. பிரிண்டர் ஓடுகிறது என்றாள். நல்லது, நான் கொடுத்ததை அடி என்றான். கூட்டத்தில் வாசித்ததைத்தான் அடிக்கப்போகிறேன் என்றாள். அவன் கொஞ்சம் பேசினான். வீட்டின் தலைமகன் யார் என்று கேட்டான். உயோமாவிலிருந்து வந்தவளுக்கு இந்த வேலியைப் பற்றி என்ன தெரியும் என்றான். அபொண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"கடைசிப் பக்கத்துல அச்சிட்டவர்னு ஒரு வரி வருதே, அதுல என் பேருதான இருக்கு. நாளைக்குப் பத்து வருஷம் கழிச்சு சீஃப் அந்தப் புத்தகத்தைத் திருப்பி, இதை வெளியிட்டது யாருன்னு பாத்தா, உங்க பேரு இருக்காது. என் பேருதான் இருக்கும். உங்க ஃபைலுக்குக் கீழ நான் என் பேரைப் போடமாட்டேன். வேற கடை பாத்துக்கோங்க."

அந்த மழையில், அந்த நேரத்தில், கெண்டுவில் வேறு கடை இல்லை என்பது அவனுக்கும் தெரியும். போன் வைக்கிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமைக் கோப்பைத் திறந்து அடித்தாள். முதல் பிரதி வந்ததும் அடோயோ அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நின்று படித்தாள். மனைவியர்: ரிஸ்பா அடோங்கோ, செலினா அவுவோர். தன் பெயர், தம்பிகள் பெயர், தம்பி பிள்ளைகள் பெயர். விரலை வைத்து வரிவரியாக. பிறகு வந்து உட்கார்ந்து, ஆறிப்போன கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அதற்காக அவள் நம்பிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். கடைசிப் பிரதி மடிக்கிறவரை நாற்காலியை விட்டு நகரவில்லை. கட்டின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று உருவி, அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தாள். உரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, நாளைக்கு வேலிக்குள் போனதும் இன்னொரு தரம் எண்ணிப் படிப்பேன், கோபித்துக்கொள்ளாதே என்றாள். படி, நானும் கூட உட்கார்ந்து படிக்கிறேன் என்றாள் அபொண்டி.

ஓவிட்டி அன்றைக்கு மனைவி வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. அதற்கப்புறமும் பல நாள் அம்மாவின் வீட்டில்தான் சாப்பிட்டான். அந்த விலையை அபொண்டி கொடுத்தாள். நான் மறைத்துச் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. பந்தலுக்கடியில் இருநூறு பேர் அந்தப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஓவிட்டியும் ஒன்றை வாங்கினான். முகப்பில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்க்கவில்லை, நடுப்பக்கத்தையும் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அந்தச் சின்ன வரியை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் மனைவியரின் பெயர்களை வாசித்தார். ரிஸ்பா எழுந்து நின்றாள். அடுத்த பெயர் வந்தபோது விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. பின்வரிசையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த செலினா, கூப்பிட்டது தன்னைத்தானா என்று மகளின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். ரிஸ்பா திரும்பிப் பார்த்து, தன் பக்கத்திலிருந்த நாற்காலியின் மேல் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த இடத்தைச் செலினாவுக்குக் காலியாக்கினாள்.

எழுந்திருங்கள் கண்ணுகளா, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வாசலுக்கு வருகிறவர் சொல்லும் பெயரும் அவர் கொண்டுவந்த பெயரும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் வீட்டுத் தாளில் பிறந்த ஒருவர் பெயரும் விடுபடாமல் இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், உங்கள் பந்தலில் எப்போதும் ஒரு நாற்காலி காலியாக, நிறைந்து வாழுங்கள்.